பை வேண்டாம் என்று சொன்னவன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, தெருக்கோடியில் மரக்கடை வைத்திருக்கிறவர் வந்தார். உட்காரச் சொன்னேன். காபி வந்தது. குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி உள்ளே போகிறவரை காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், என் தம்பிக்கு மூத்திரப்பையில கேன்சர்னு சொல்லிட்டாங்க. பையையே எடுக்கணுமாம். அடுத்த மாசம் ஆபரேஷன். உங்களுக்கும் அதான் பண்ணாங்கன்னு கேள்விப்பட்டேன். வயித்துக்கு வெளிய பை மாட்டாம, உள்ளயே புதுசா செஞ்சு வைக்கிற ஆபரேஷன் இருக்காமே? அதுதானே சார் நல்லது?"

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "தம்பி என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"அவன்கிட்ட அதெல்லாம் பேசலை சார். பயந்துருவான். நாங்களே டாக்டர்கிட்ட சொல்லி முடிச்சிரலாம்னு இருக்கோம்."

என் கதையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவருக்கு அன்றைக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் படிக்கிற இடம்தானே, வெட்கப்பட ஒன்றுமில்லை. மூத்திரத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட்டுத்தான் பாதிப் பேர் கஷ்டத்தைத் தேடிக்கொள்கிறோம்.

2017-ல் எனக்கு 64 வயது. ஒருநாள் காலையில் சிறுநீர் செம்பருத்திச் சாறு மாதிரி போனது. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. மறுநாள் சரியாகிவிட்டது. வெயில் காலம், சூடு பிடித்திருக்கும் என்று இளநீரும் பார்லித் தண்ணீருமாகக் குடித்தேன். இப்படியே மூன்று மாதம். வலியில்லாமல் ரத்தம் போவதுதான் இந்த நோயின் முதல் அடையாளம் என்று அப்போது தெரியாது. முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவனுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரியாது. நுரையீரலுக்குத்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக் கட்டியைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்ததில், வேர் தசை வரைக்கும் போய்விட்டது என்றார்கள். கீமோ நான்கு சுற்று. அப்புறம் பையை எடுப்பது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வராந்தாவில் நின்றபடியே டாக்டர் என் மகனிடம் கேட்டார்: "வெளியே பையா, உள்ளே புதுசா?" என் மகன் யோசிக்கவே இல்லை. "அப்பாவுக்குப் பை வேணாம் டாக்டர்" என்றான். நான் சக்கர நாற்காலியில் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் "ஆமா, பை வேண்டாம்" என்றேன். மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். எங்கள் வீட்டு மாடிக்கு எந்தக் கம்பெனி ஓடு போடுவது என்பதற்கு ஒரு மாதம் யோசித்தவன் நான்.

மகனைக் குறை சொல்லவில்லை. பாசத்தில்தான் சொன்னான். டாக்டரும் நல்ல கைக்காரர். எட்டு வருஷமாக நோய் திரும்பவில்லை, முதல் கடன் அதுதான். ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று தெரியாமலே தேர்ந்தெடுத்தேன். அந்தப் பிழையில் பாதி என்னுடையது.

பொதுப்பணித் துறையில் 34 வருஷம் கண்மாயும் மடையுமாக அலைந்தவனுக்கு இந்த விஷயம் பின்னால் நன்றாகவே புரிந்தது. சிறுநீரகம் இரண்டும் நீர்வரத்து. அங்கிருந்து இரண்டு வாய்க்கால் இறங்கி வருகின்றன. மூத்திரப்பை கண்மாய். அதன் அடியில் இருக்கிற தசை வளையம் மடை. கண்மாயையே எடுத்துவிட்டால் வாய்க்கால் தண்ணீரை எங்கே விடுவது? இந்த ஒரு கேள்விக்குத்தான் டாக்டர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1850-களிலேயே லண்டனில் ஜான் சைமன் என்பவர் அந்த வாய்க்கால்களைப் பெருங்குடலில் திருப்பிவிட்டுப் பார்த்திருக்கிறார். மலத்தோடு சேர்ந்து சிறுநீரும் போகும், ஆசனவாய்த் தசையே இரண்டுக்கும் மடை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மலத்தின் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியது, ரத்தத்தில் அமிலம் சேர்ந்தது, பல வருஷம் கழித்து இணைத்த இடத்திலேயே சிலருக்குப் புற்றுநோய் வந்தது. இன்று பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

1950-ல் அமெரிக்காவில் யூஜின் பிரிக்கர் வேறு வழியை எல்லோரும் செய்யக்கூடியதாக ஆக்கினார். சிறுகுடலில் ஒரு சாண் அளவுக்குத் துண்டை வெட்டி, வாய்க்கால் இரண்டையும் அதில் இணைத்து, அதன் மறுநுனியை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து ஒரு மொட்டு மாதிரி வைத்துத் தைத்துவிடுவது. அந்த மொட்டுக்கு மேல்தான் பை ஒட்டுவார்கள். இங்கே கண்மாயும் கிடையாது, மடையும் கிடையாது. வருகிற தண்ணீர் வந்தபடியே போய்க்கொண்டிருக்கும். உலகத்தில் இன்றைக்கும் அதிகம் செய்யப்படுவது இதுதான். ஆபரேஷன் நேரம் குறைவு, சிக்கலும் ஒப்பிட்டால் குறைவு.

என் வயிற்றுக்குள் இருப்பது மூன்றாவது வகை. நியோபிளாடர் என்பார்கள். சிறுகுடலில் ஏறக்குறைய இரண்டடி நீளத்தை எடுத்து, குழாயாக இருப்பதை நெடுகப் பிளந்து, மடித்து, உருண்டையாகத் தைத்து, பழைய பை இருந்த இடத்திலேயே வைத்து, பழைய மடையோடு இணைத்துவிடுவார்கள். ஏன் பிளக்க வேண்டும் என்று பின்னால் கேட்டேன். குடல் என்பது சும்மா கிடக்கிற ரப்பர் குழாய் இல்லையாம். சுருங்கிச் சுருங்கித் தள்ளுவதுதான் அதன் வேலை. பிளக்காமல் வைத்தால் அது தள்ளுகிற தள்ளலில் மடை தாங்காது. பிரான்ஸில் கேமே என்பவர் முதலில் பிளக்காமல்தான் வைத்தார். ராத்திரி ஒழுக்கு அதிகமாக இருந்ததால் பின்னால் அவரே மாற்றிக்கொண்டார். பிளந்து மடித்தால் ஒரு பக்கத்துச் சுருக்கம் இன்னொரு பக்கத்தோடு சேராமல் அடங்கிவிடும், உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும். 1980-களில் சுவிட்சர்லாந்தில் ஸ்டூடர், ஜெர்மனியில் ஹவுட்மன் என்று இரண்டு பேர் செய்து காட்டிய முறைகளைத்தான் இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். துணியைப் பிரித்து மஞ்சப்பை தைப்பது போன்ற வேலை. கையில் தேர்ச்சி வேண்டும், நேரமும் கூட.

இது எனக்கு என்ன தந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நன்றி கெட்டவன் ஆகிவிடக் கூடாது. பகலில் நான் மற்றவர்களைப் போலத்தான். சட்டையைக் கழற்றினால் வயிற்றில் ஒரு தழும்புக் கோடு, அவ்வளவுதான். பஸ்ஸில் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன். ஆனால் சிறுநீர் முட்டுகிற உணர்வு கிடையாது. குடலுக்கு அந்த உணர்வு தெரியாது, வாயு சேர்ந்த மாதிரி ஒரு கனம்தான் தெரியும். அதனால் கடிகாரம் பார்த்துத்தான் போவேன். உட்கார்ந்து, அடியை இளக்கி, வயிற்றை முக்கித்தான் காலி செய்ய வேண்டும். கல்யாண மண்டபம் என்றால் வெஸ்டர்ன் டாய்லெட் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் பந்திக்கே போவேன்.

முதல் மூன்று மாதம் யாரும் எனக்குச் சொல்லாத மூன்று மாதம். புதிய பை முதலில் 150 மில்லி பிடித்தால் பெரிது. இரண்டு மணி நேரம், பிறகு மூன்று, பிறகு நான்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி அதைப் பெரிதாக்க வேண்டும். கடைசியில் 400, 500 வரை வரும். அதுவரை பகலிலும் டயப்பர்தான். குடல் சளி கோழை கோழையாக வந்து அடைத்துக்கொள்ளும். அமிலம் சேராமல் இருக்க சோடா மாத்திரை. எடுத்த குடல் பி12 சத்தை உறிஞ்சுகிற பகுதி என்பதால் அதற்கு ஊசி. அடி இடுப்புத் தசையை இறுக்கி விடும் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிஸியோதெரபி பெண் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்துச் சொன்னாள்.

பகல் இப்படிச் சரியாகிவிட்டது. ராத்திரி சரியாகவில்லை.

பழைய பைக்கும் மடைக்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை இருந்ததாம். பை நிறைய நிறைய, நாம் தூங்கிக்கொண்டிருந்தாலும் நரம்பு வழியாகச் செய்தி போய் மடை இன்னும் இறுகும். பையை எடுத்ததும் அந்தப் பேச்சும் போய்விட்டது. மடையில் ஆள் இருக்கிறான், ஆனால் கண்மாய் நிறைந்த சேதி அவனுக்கு வருவதில்லை. அதோடு, ராத்திரி சிறுநீர் கெட்டியாக இருப்பதால் குடல் சுவர் தன் பங்குக்குத் தண்ணீரை உள்ளே விடுகிறது. நாம் குடித்ததைவிட அதிகம் சேரும். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பகலில் பத்துக்கு எட்டொன்பது பேர் நனையாமல் இருக்கிறார்கள். ராத்திரி என்றால் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு ஒழுகத்தான் செய்கிறது. வயது ஏற ஏற அதிகமாகும். நான் அந்த இரண்டு மூன்றில் ஒருவன்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம். பன்னிரண்டு, மூன்று, ஆறு. முதல் இரண்டு வருஷம் என் மனைவியும் ஒவ்வொரு அலாரத்துக்கும் விழித்தாள். "நீங்க தூங்குங்க, நான் முழிச்சிருந்து எழுப்புறேன்" என்பாள். அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியதற்கு என் அலாரம்தான் காரணம் என்பது என் கணக்கு, அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். லீவுக்கு வந்த பேத்தி "தாத்தா பக்கத்துலதான் படுப்பேன்" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, தாத்தா குறட்டை விடுவேன் என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். ரப்பர் விரிப்பு மேல் குழந்தையைப் படுக்க வைக்க மனசு வரவில்லை. ஆபரேஷன் தழும்பு ஆறிவிட்டது, இது ஆறவில்லை.

கடைசியில் ஒரு நர்ஸ் வழி சொன்னார். ஆணுறை மாதிரி மாட்டிக்கொள்கிற உறை, அதன் நுனியில் குழாய், குழாயின் முடிவில் கட்டில் கம்பியில் மாட்டிய இரண்டு லிட்டர் பை. ஆறு வருஷமாக அதைத்தான் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். பை வேண்டாம் என்று சொன்னவன் ராத்திரி பையோடுதான் படுக்கிறேன்.

நாலாவது தெருவில் ஒரு தலைமையாசிரியர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். அதே நோய், அதே வருஷம். அவருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்பதால் புதுப்பை முடியாது என்று வெளிப்பைதான் வைத்தார்கள். குடலுக்குள் சிறுநீர் தங்கினால் கொஞ்சம் உடம்புக்குள்ளேயே திரும்ப ஏறும், அதைச் சுத்தம் செய்யச் சிறுநீரகத்துக்குத் தெம்பு வேண்டும். அப்போது நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறுதல்கூட சொன்னேன்.

அவர் ராத்திரி பத்து மணிக்கு வயிற்றுப்பையோடு பெரிய பையை இணைத்துவிட்டுப் படுத்தால் காலை ஐந்து மணிக்குத்தான் எழுகிறார். காசிக்கு ரயிலில் போய்விட்டு வந்தார். நாலைந்து நாளைக்கு ஒருமுறை பையை மாற்றுகிறார். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய், மாதாமாதம் கைக்காசு. சித்திரை வெயிலில் வியர்த்து ஒட்டு விட்டுப்போய், திருமண வீட்டில் வேட்டி நனைந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்ததும் உண்டு. தோல் வெந்து பவுடர் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கிடந்ததும் உண்டு. அவருக்கு ஒரு மனக்குறை என்றால், அந்த மொட்டை வைத்த இடம். படுக்க வைத்தே குறி போட்டிருக்கிறார்கள். வேட்டி கட்டி எழுந்து நின்றால் மடிப்பு சரியாக அதன்மேல் உட்காருகிறது. நிற்க வைத்து, உட்கார வைத்து, குனியச் சொல்லி, அவரவர் கட்டுகிற வேட்டியோ பாவாடை நாடாவோ எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் குறி போட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. எட்டு வருஷமாக அவர் பேண்ட்டும் தோள் வாருமாகத் திரிகிறார். "ஓவர்சியர், சர்க்கஸ் கோமாளி மாதிரி இருக்கேனா?" என்று அவரே கேட்பார்.

அவருக்கு ராத்திரி நல்லது, எனக்குப் பகல் நல்லது. யாருடைய ஆபரேஷன் உயர்ந்தது என்று எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஊரில் எல்லோரும், படித்தவர்கள் உட்பட, உள்ளே வைப்பது முதல் வகுப்பு, வெளியே வைப்பது மூன்றாம் வகுப்பு என்றே பேசுகிறார்கள். இதைத்தான் நான் ஏற்கவில்லை. பை என்பது தோல்வி, அடக்கும் சக்தி என்பது வெற்றி என்று நினைத்துக்கொண்டு ஒருவர் ஆபரேஷன் மேஜைக்குப் போனால், ஒழுகுகிற முதல் ராத்திரியே தோற்றுவிட்டதாக உடைந்து போவார். நான் போனேன்.

நடுவில் இன்னொரு வகையும் இருக்கிறது. குடலில் பை செய்து உள்ளே வைத்து, அதன் வாயைத் தொப்புள் வழியாகச் சின்ன ஓட்டையாகக் கொண்டுவருவது. தானாக ஒழுகாது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய கதீட்டரை விட்டு நாமே காலி செய்ய வேண்டும். பகலும் ராத்திரியும் நனையாது என்பது பெரிய விஷயம். சிலர் குடல்வாலையே குழாயாக வைத்துத் தைப்பார்கள், பிரான்ஸில் மித்ரோஃபனாஃப் 1980-ல் சொன்ன வழி. ஆனால் வாய் சுருங்குவது, உள்ளே கல் சேர்வது என்று மறுபடி ஆபரேஷன் மேஜைக்குப் போக நேரலாம். பழைய மடையையும் சேர்த்து எடுக்க வேண்டி வந்தவர்களுக்கு, முக்கியமாகக் கை நடுங்காத, கண் தெரிகிற நடுவயதுக்காரர்களுக்கு, இது கேட்டுப் பார்க்க வேண்டிய வழி. என்னிடம் யாரும் இதைச் சொல்லவே இல்லை.

பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்ளே வைக்கும் புதுப்பை பெண்களில் சிலருக்கு ஒழுகுவதற்குப் பதில் நேர்மாறாக, வரவே வராமல் அடைத்துக்கொள்ளும். பிறகு ஆயுள் முழுக்கக் கதீட்டர். அதைச் சம்மதித்துக் கற்றுக்கொள்ளத் தயாரா என்று ஆபரேஷனுக்கு முன்பே அந்த அம்மாவிடமே கேட்க வேண்டும். வீட்டுக்காரரிடமோ மருமகனிடமோ கேட்டால் போதாது.

செயற்கை மடையும் உண்டு. 1972-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் முதலில் பொருத்தினார். சிறுநீர்க் குழாயைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய ஒரு பட்டை, வயிற்றுக்குள் சின்ன உருண்டை, விரைப்பையில் ஒரு பம்ப். பம்பை அழுத்தினால் பட்டை தளரும், சிறுநீர் போகும். இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக மறுபடி இறுகும். படித்ததும் எனக்கு ஒரே உற்சாகம், இதல்லவா இஞ்சினியரிங் என்று. டாக்டரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: பகல் முழுக்க நடந்தாலும் நின்றாலும் ஒழுகி, நாளைக்கு நாலைந்து பேட் மாற்றுகிறவருக்குத்தான் அது. கிருமி வந்தாலோ, பட்டை குழாயை அரித்துவிட்டாலோ எடுத்துவிட வேண்டும். பத்து வருஷம் போல உழைக்கும், பிறகு பழுதாகலாம். என்றைக்காவது மயங்கி விழுந்து, விஷயம் தெரியாத ஆஸ்பத்திரியில் பட்டையைத் தளர்த்தாமல் கதீட்டர் போட்டுவிட்டால் குழாய் கிழியும், ஆகவே எப்போதும் பையில் ஒரு அட்டை. "ராத்திரி மட்டும்தானே சார், உங்களுக்கு உறையே போதும்" என்றார். இந்த முறை அவர் உட்கார்ந்து பேசினார், நானும் உட்கார்ந்து கேட்டேன். செலவும் பல லட்சம். வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருந்தது. ஒழுக்கு நிற்கவில்லை, ஆனாலும்.

மரக்கடைக்காரரிடம் நான் சொன்னது இதுதான். முதலில் தம்பியிடம் பேசுங்கள். அவர் பயப்படுவார், பயப்படட்டும், அவர் வயிறு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது, மடைப் பக்கம் நோய் பரவியிருந்தால் புதுப்பை வைக்கவே முடியாது, அது என்ன நிலைமை என்று கேளுங்கள். டாக்டர் இந்தப் புதுப்பை வருஷத்துக்கு எத்தனை செய்கிறார் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான். தம்பி சர்க்கரைக்காரரா, விரல் மரத்துப்போகிறதா, ராத்திரி கூட யார் இருப்பார் என்று யோசியுங்கள். ஆண்மை விஷயத்தையும் கேட்கச் சொன்னேன். அந்த நரம்பைக் காப்பாற்ற முடியுமா என்பது ஆபரேஷனுக்கு முன்னால் பேச வேண்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பிக்கு 52 வயதுதான்.

இன்னொன்றும் சொன்னேன். ஒட்டுப் பை ஒன்று வாங்கிப் பாதி தண்ணீர் நிரப்பி, வயிற்றில் ஒட்டிக்கொண்டு தம்பி ஒரு நாள் முழுக்க நடமாடட்டும், தூங்கட்டும். அப்புறம் தெரியும் அவருக்கு எது முடியும் என்று. தலைமையாசிரியரிடம் போன் பண்ணிக் கேட்டதற்கு, பை அவரே தருகிறேன் என்றார். ஒட்டக் கற்றுக்கொடுக்க நேரிலும் வருகிறாராம். எனக்கு ராத்திரி மாட்டுகிற உறையையும் காட்ட ஆட்சேபணை இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்று மரக்கடைக்காரர் மறுபடி வந்தார். தம்பியிடம் பேசிவிட்டாராம். "ஏண்ணே இதை முன்னாடியே சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டான் சார்" என்றார். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். தம்பியே கேள்விகளை ஸ்கேன் ரிப்போர்ட் கவரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாராம். வேட்டி கட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.